பழைய செஸ்னா வாங்கிவிட்டீர்களா? முதல் வருடத்துக்கான பராமரிப்பு வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால் டெக்சஸில் நானும் நண்பர் ஒருவரும் பாதிப் பாதி போட்டு 1974ஆம் வருடத்து செஸ்னா 172எம் என்ற சிறு விமானம் ஒன்றை வாங்கினோம். ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் இருந்தார், வாங்கிக் கொடுக்கத் தரகர் இருந்தார், வாங்கிய பிறகு அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லித்தர மட்டும் யாரும் இல்லை. முதல் வருடாந்தப் பரிசோதனைக்கு (ஆனுவல் என்பார்கள்) 1,800 டாலர் என்று பேசினோம், பில் 9,400-க்கு வந்தது. பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்று இரண்டு ஆல்டர்னேட்டர் மாற்றினோம், கடைசியில் பார்த்தால் துருப்பிடித்த ஒரு எர்த் ஒயர். அந்தப் பணமும் பறக்காமல் போன நாலு மாதமும் திரும்ப வராது. எனக்குத் தெரிந்தே நாலைந்து தமிழர்கள் இப்போது பழைய விமானம் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதில் இருப்பதெல்லாம் அமெரிக்காவில் எஃப்ஏஏ (விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) பதிவில் உள்ள, சொந்த உபயோகத்துக்கு மட்டும் பறக்கிற, நாலு சிலிண்டர் லைகாமிங் நிறுவனத்து எஞ்சின் உள்ள பழைய செஸ்னா, பைப்பர் வகைகளுக்குப் பொருந்தும். எண்கள் எங்கள் 172எம்-க்கு உரியவை. உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

1. வாங்கும் முன்: பதிவு யார் பெயரில்?

நம் ஆட்கள் முதலில் இடறி விழும் இடம் இது. பைலட் லைசென்ஸ் எடுக்க எச்-1பி விசா தடையில்லை, ஆனால் விமானத்தைத் தன் பெயரில் பதிவு செய்ய அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். எச்-1பி-யில் இருப்பவர் முன்பணம் கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டால் கஷ்டம்தான். இதற்கு டிரஸ்ட் வழி ஒன்று உண்டு, அதற்கு விமானச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் போங்கள், அதற்குத் தனிச் செலவு.

ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ பதிவகத்தில் அந்த விமானத்தின் முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள், 10 டாலர்தான். இதுவரை செய்த பெரிய ரிப்பேர், மாற்றங்களுக்கான ஃபார்ம் 337 எல்லாம் அதில் இருக்கும், விற்பவர் சொல்லாத பழைய விபத்து ரிப்பேர் பெரும்பாலும் அங்கேதான் கண்ணில் படும். டைட்டில் தேடலும், அதாவது விமானத்தின் மேல் கடன் பதிவாகி இருக்கிறதா என்ற தேடலும், செய்யுங்கள். பல வருடம் முன்பே அடைத்துவிட்ட கடன்கூட, வங்கி விடுவிப்புக் காகிதம் அனுப்பாததால் இன்னும் பதிவில் நிற்கும், அதை நீக்க உங்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். விற்பவர் செலவில், பணம் கைமாறும் முன்னால் அதை முடிக்கச் சொல்லுங்கள்.

வாங்கும் முன் பரிசோதனையை விற்பவரின் மெக்கானிக்கிடம் செய்யாதீர்கள். “போன மாதம்தான் ஆனுவல் முடிந்தது” என்பது அதற்கு மாற்று ஆகாது. எங்கள் பரிசோதனைக்கு 650 டாலர் ஆனது. அதில் கண்டுபிடித்த இறக்கைத் துருவை வைத்து விலையில் 4,000 குறைத்தோம். 1977 முதல் 1980 வரை வந்த 172என் மாடல் பார்க்கிறீர்கள் என்றால், அதில் உள்ள ஓ-320-எச்2ஏடி எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டும் டாப்பெட்டும் தேய்வது பேர்போன குறை, அதைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதிவுக் கட்டணம் 5 டாலர். விண்ணப்பம் 8050-1, விற்பனைப் பத்திரம் 8050-2. அட்டை வரும் வரை விண்ணப்ப நகலை வைத்துக்கொண்டு நாட்டுக்குள் பறக்கலாம், எல்லை தாண்ட முடியாது. பதிவு இப்போது 7 வருடம் செல்லும். மாநில வரித்துறையிலிருந்து பயன்பாட்டு வரிக் கடிதம் சில மாதம் கழித்துக்கூட வரும், அதற்கான பணத்தை ஒதுக்கி வையுங்கள்.

2. முதல் வாரம்: காகிதம்

இறக்கையைத் துடைக்கும் ஆசையை ஒரு வாரம் தள்ளிப்போட்டு லாக் புத்தகங்களோடு (பராமரிப்புப் பதிவேடுகள்) உட்காருங்கள். விமான உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, சில விமானங்களில் புரொப்பெல்லருக்குத் தனியாக ஒன்று. எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள், அசல் புத்தகத்தை விமானத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். லாக் புத்தகம் தொலைந்தால் விமானத்தின் விலை சட்டென்று இறங்கும், அதை யாராலும் சரிசெய்ய முடியாது.

விமானத்துக்குள் எப்போதும் இருக்க வேண்டியவை நாலு: பறக்கும் தகுதிச் சான்றிதழ், பதிவு, இயக்க வரம்புகள், எடை மற்றும் சமநிலைக் கணக்கு. இதில் கடைசியைக் கவனமாகப் பாருங்கள். எங்கள் விமானத்தில் 1990களில் ஒரு ரேடியோவைக் கழற்றியிருந்தார்கள், கணக்கில் அது அப்படியே இருந்தது.

அப்புறம் ஏடி பட்டியல். எஃப்ஏஏ கட்டாயமாகச் செய்யச் சொல்லும் திருத்தங்களைத்தான் எல்லோரும் ஏடி என்கிறார்கள். விமான உடல், எஞ்சின், மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவி), கார்புரேட்டர், புரொப்பெல்லர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உண்டு. எது முடிந்தது, எந்தத் தேதியில், எந்த முறையில், எது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது என்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போடுங்கள். இதை நீங்கள் செய்யாவிட்டால் ஒவ்வொரு வருடமும் மெக்கானிக் மணிக்கூலி வாங்கிக்கொண்டு செய்வார். பழைய செஸ்னாக்களில் முக்கியமானது 2011-10-09, இருக்கை நகரும் தண்டவாளம் பற்றியது. தண்டவாளத் துளை தேய்ந்து, இருக்கையைப் பூட்டும் முளை அதில் சரியாக உட்காராவிட்டால் புறப்படும்போது இருக்கை பின்னால் ஓடிவிடும், பைலட் பிடிமானத்துக்குக் கையிலிருக்கும் கட்டுப்பாட்டையே இழுப்பார், இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. ஆனுவலுக்குக் காத்திராமல், ஒவ்வொரு முறை உட்காரும்போதும் இருக்கையை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள்.

3. தேதிகள்

வருடாந்தப் பரிசோதனை, அதாவது ஆனுவல், 12 காலண்டர் மாதத்துக்கு ஒருமுறை. இந்த வருடம் ஜூன் 3-ல் கையெழுத்தானால் அடுத்த வருடம் ஜூன் 30 வரை செல்லும், ஜூலை 1-ல் பறந்தால் சட்ட மீறல். அவசரகால ஒலிபரப்புக் கருவிக்கும் 12 மாதப் பரிசோதனை உண்டு, அதன் பேட்டரிக்குத் தனிக் காலாவதித் தேதி. ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டருக்கு 24 மாதம். ஐஎஃப்ஆர், அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்து, பறப்பவர்களுக்கு உயரமானி, நிலை அழுத்தக் குழாய் பரிசோதனையும் 24 மாதம்.

100 மணி நேரப் பரிசோதனை உங்களுக்குக் கட்டாயமில்லை. உங்கள் சொந்த விமானத்திலேயே ஒரு பயிற்சியாளரை அமர்த்திக் கற்றுக்கொண்டாலும் கட்டாயமில்லை. இதைத் தெரியாதவர்களிடம் “100 மணி முடிந்துவிட்டது” என்று பணம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எஞ்சின் ஆயில், ஃபில்ட்டர் இருந்தால் 50 மணி, வெறும் சல்லடை மட்டும் என்றால் 25 மணி, எதுவானாலும் 4 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது லைகாமிங். ஸ்லிக் மேக்னெட்டோவைக் கழற்றிப் பிரித்துப் பார்க்க 500 மணி. இந்த 500-ஐப் பலர் மறந்துவிடுகிறார்கள், எங்கள் விமானத்தில் 870 மணி ஓடியிருந்தது.

4. நீங்களே செய்யக்கூடிய வேலைகள்

சட்டத்தில் இதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது, பார்ட் 43, பின்னிணைப்பு ஏ. ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் கழற்றிச் சுத்தம் செய்வது, டயர், வீல் பேரிங் கிரீஸ், பேட்டரி, லேண்டிங் லைட் பல்பு, எரிபொருள் சல்லடை, இதெல்லாம் விமானத்தின் சொந்தக்காரரே செய்து கையெழுத்துப் போடலாம். நிபந்தனை ஒன்று: குறைந்தது பிரைவேட் பைலட் சான்றிதழ் வேண்டும். கற்றுக்கொள்வதற்காகவே விமானம் வாங்கிய மாணவ பைலட் செய்ய முடியாது. சான்றிதழ் வரும் வரை ஒரு ஏ அண்ட் பி (எஃப்ஏஏ சான்றிதழ் பெற்ற) மெக்கானிக்கின் மேற்பார்வையில் செய்து அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

முதல் ஆயில் மாற்றத்தை எப்படியும் மெக்கானிக் பக்கத்தில் நிற்க வைத்துச் செய்யுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது வடியுங்கள். ஃபில்ட்டரைத் தூக்கிப் போடாமல் அதற்கென்று உள்ள வெட்டியால் அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றுவதன் பாதிப் பயனே இதில்தான் இருக்கிறது. கருப்புக் கரித்துகள் இருந்தால் பயமில்லை. காந்தத்தில் ஒட்டும் பளபளப்பான துகள் இருந்தால் படம் எடுத்து மெக்கானிக்குக் காட்டும் வரை பறக்காதீர்கள். ஆயில் சம்ப்பில் உள்ள உறிஞ்சு சல்லடையையும் கழற்றிப் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். புது ஃபில்ட்டரின் ரப்பர் வளையத்தில் டிசி-4 பசை தடவி, டார்க் ரெஞ்சில் 16 முதல் 18 அடி-பவுண்டு வரை இறுக்கி, அது கழன்றுவிடாமல் கட்டும் சேஃப்டி ஒயர் போடுங்கள். ஒயர் அவிழும் திசையைத் தடுக்கும்படி முறுக்க வேண்டும். இதைப் பழக வீட்டில் பத்து போல்ட் வைத்து ஒரு சாயங்காலம் செலவழித்தேன். பிறகு எஞ்சினை ஓட்டி, நிறுத்தி, ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

இந்த எஞ்சினில் 8 குவார்ட் பிடிக்கும். நிரம்ப ஊற்றினால் மேலே உள்ள ஆயில் மூச்சுக் குழாய் வழியாக வெளியேறி வயிற்றுப் பக்கமெல்லாம் படிந்துவிடும், நாங்கள் 6-க்கும் 7-க்கும் நடுவில் வைக்கிறோம்.

லாக் புத்தகத்தில் என்ன செய்தீர்கள், தேதி, டாக்கோமீட்டர் காட்டும் எஞ்சின் ஓடிய மணி, கையெழுத்து, சான்றிதழ் எண், அதன் வகை, இத்தனையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த வேலை சட்டப்படி முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

5. ஆனுவல்: கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

ஏ அண்ட் பி மெக்கானிக் எல்லோரும் ஆனுவலில் கையெழுத்துப் போட முடியாது, ஐஏ என்ற கூடுதல் அனுமதி உள்ளவர்தான் போடலாம். நாங்கள் செய்த தவறு, கடையில் நீட்டிய வேலை உத்தரவில் “தேவையான ரிப்பேர்களையும் செய்க” என்ற வரி இருந்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது. அவர்கள் ஒரு தடவைகூடக் கூப்பிடாமல் சிலிண்டர் ஒன்றைக் கழற்றிவிட்டார்கள். அந்த பில்லில் இருந்த வேலைகளில் பாதிக்கு மேல் தேவையே இல்லை என்று அடுத்த மெக்கானிக் சொன்னார்.

எனவே பரிசோதனை வேறு, ரிப்பேர் வேறு என்று எழுத்தில் பிரியுங்கள். “பரிசோதனை மட்டும் செய்யுங்கள், குறைகளைப் பட்டியலாகக் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் விலை சொல்லுங்கள், நான் சரி என்று சொன்ன பிறகே தொடுங்கள்.” இந்த நாலு வரியை மின்னஞ்சலில் அனுப்பி, சம்மதம் என்று பதில் வாங்குங்கள். பட்டியல் வந்ததும் மூன்றாகப் பிரிக்கலாம்: பறக்கத் தகுதியைப் பாதிப்பவை, விரைவில் செய்ய வேண்டியவை, தள்ளிப் போடக்கூடியவை. எது எந்த வகை என்று அவரையே கேளுங்கள், ஏன் என்றும் கேளுங்கள்.

விலை ஒத்துவரவில்லை என்றால் நீங்கள் மாட்டிக்கொண்டுவிடவில்லை. குறைப் பட்டியலோடு பரிசோதனையை முடித்து ஐஏ லாக் புத்தகத்தில் எழுதிவிடலாம், அந்தக் குறைகளை வேறொரு ஏ அண்ட் பி சரிசெய்து கையெழுத்துப் போட்டால் போதும், ஆனுவலைத் திரும்பச் செய்யத் தேவையில்லை. வேறு ஊருக்குக் கொண்டுபோக எஃப்ஏஏ உள்ளூர் அலுவலகத்தில் ஒருமுறைப் பயண அனுமதி வாங்கலாம், அந்தப் பயணத்துக்கு விமானம் பாதுகாப்பானது என்று மெக்கானிக் பார்த்துச் சொல்ல வேண்டும். இது தெரியாமல்தான் நாங்கள் அவர்கள் கேட்ட தொகையைக் கொடுத்தோம்.

சிலிண்டருக்குள் 80 அழுத்தத்தில் காற்றை விட்டு எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் அழுத்தச் சோதனையில் 80-க்கு 72, 74 என்று வருவது நல்லது. ஒன்று மட்டும் 60-க்குக் கீழே போனால் உடனே கழற்றச் சம்மதிக்காதீர்கள், சூடாக ஓட்டிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், காற்று எந்த வழியாகப் போகிறது என்று காது வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் குழாயில் சத்தம் வந்தால் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங்.

கூட நின்று வேலை செய்ய அனுமதிக்கும் ஐஏ கிடைத்தால் விடாதீர்கள். மூடிகளைக் கழற்றுவது, துடைப்பது, இருக்கைகளை எடுப்பது எல்லாம் நீங்கள் செய்தால் கூலி குறையும், அதைவிட உங்கள் விமானத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பீர்கள்.

6. கோளாறு கண்டுபிடிப்பது

பாகத்தை மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்காதீர்கள். முதலில் எழுதுங்கள்: எப்போது, சூடாகவா குளிராகவா, எந்த ஆர்பிஎம், எவ்வளவு நேரம். அடுத்து மலிவான காரணத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மேக்னெட்டோ சோதனையில் எஞ்சின் உதறினால்: 172எம்-ல் 1,700 ஆர்பிஎம்-ல் ஒரு மேக்னெட்டோவுக்கு 125 வரை குறையலாம், இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் 50-க்குள் இருக்க வேண்டும். உதறலோடு குறைந்தால் பெரும்பாலும் ஒரு பிளக்கில் ஈயம் படிந்திருக்கிறது. 2,000 ஆர்பிஎம்-ல் மிக்ஸ்சரை (எரிபொருள்-காற்றுக் கலவை) மெலிதாக்கி ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள், சரியாகிவிடும் வாய்ப்பு அதிகம். சரியாகாவிட்டால் அந்த மேக்னெட்டோவில் மட்டும் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துங்கள், அகச்சிவப்பு வெப்பமானியால் எக்ஸாஸ்ட் குழாய்களைப் பார்த்தால் குளிர்ந்திருக்கும் சிலிண்டர்தான் குற்றவாளி. உதறாமல் வழுவழுவென்று அதிகம் குறைந்தால் டைமிங்கைப் பார்க்க வேண்டும். கொஞ்சம்கூடக் குறையாவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். அணைக்கும் ஒயர் அறுந்திருக்கலாம், அப்படியென்றால் சாவியை எடுத்த பிறகும் அந்த மேக்னெட்டோ உயிரோடு இருக்கிறது, புரொப்பெல்லரைக் கையால் அசைத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். எப்போதுமே புரொப்பெல்லரை உயிருள்ளதாக நினைத்துத்தான் பக்கத்தில் போக வேண்டும்.

பிளக்கில் ஈயம் படிவதைத் தடுக்க எளிய வழி, தரையில் ஓடும்போதெல்லாம் மிக்ஸ்சரை நன்றாக மெலிதாக்கி வைப்பது. நாங்கள் அப்படிச் செய்ய ஆரம்பித்ததிலிருந்து பிளக் தொந்தரவு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பிளக்கின் மின்தடை 5,000 ஓமுக்கு மேல் போனால் புதிது வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் புது செப்பு வளையம் போடுங்கள். கீழே விழுந்த பிளக்கைத் திரும்பப் போடாதீர்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் எஞ்சின் உதறி, இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகச் சரியானால்: சூடானதும் சரியாகிவிடுகிறதே என்று விடாதீர்கள். லைகாமிங்கில் எக்ஸாஸ்ட் வால்வு அது நகரும் குழலான கைடில் சிக்கத் தொடங்குவதன் அடையாளம் இது. இப்போது கவனித்தால் சிலிண்டரைக் கழற்றாமலே கைடைச் சுத்தம் செய்யலாம், எங்களுக்கு 400 டாலரில் முடிந்தது. விட்டால் ஒருநாள் வானத்தில் முழுதாகச் சிக்கி, வால்வைத் தள்ளும் புஷ்ராட் வளையும்.

பேட்டரி சார்ஜ் ஏறாவிட்டால்: பெல்ட் இறுக்கம், பேட்டரி முனைகள், எஞ்சினிலிருந்து உடலுக்குப் போகும் எர்த் பட்டை, ரெகுலேட்டரின் எர்த், ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு ஒயர், மாஸ்டர் சுவிட்சின் இடப்பாதி, இந்த வரிசையில் போங்கள். இது 14 வோல்ட் அமைப்பு, ஓடும்போது பேட்டரியில் கிட்டத்தட்ட 14 வர வேண்டும். ஆல்டர்னேட்டர் மாற்றுவது வரிசையில் கடைசி. ஐம்பது வருடத்து ஒயர் இணைப்புகளில் துருதான் முதல் எதிரி, எங்களுடையது தீர்ந்தது ஒரு புது எர்த் பட்டையிலும் கால் மணி நேர உப்புத்தாள் வேலையிலும்.

தரையிறங்கும்போது முன்சக்கரம் நடுங்கினால் எல்லோரும் டாம்பரில் திரவம் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றலாம், ஆனால் நடுக்கத்தைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் சமநிலை கெட்ட டயரோ டார்க் லிங்கின் தேய்ந்த புஷ்ஷோதான், டாம்பர் அதை அடக்க முயல்கிறது, அவ்வளவுதான்.

எரிபொருளில் தண்ணீர் வந்தால் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் இறக்கையை ஆட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மாதிரி எடுங்கள். குப்பி முழுக்கத் தண்ணீராக இருந்தால் கோடு தெரியாது, அதனால் எரிபொருளின் நீல நிறம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் குளவி. டெக்சஸ் கோடையில் ஒரே வாரத்தில் இடது இறக்கைக்கு அடியில் உள்ள டேங்க் காற்றுக் குழாயில் மண்கூடு கட்டிவிட்டது. அந்தக் குழாய் அடைபட்டால் டேங்கில் வெற்றிடம் ஏற்பட்டு எரிபொருள் இறங்காது. வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டாட் குழாய்க்கு உறை போடுங்கள், டேங்க் குழாயை ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

கேபின் ஹீட்டர் எக்ஸாஸ்ட் மஃப்ளரைச் சுற்றிய காற்றைத்தான் உள்ளே அனுப்புகிறது. மஃப்ளரில் விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாமல் உள்ளே வரும். டிஜிட்டல் அலாரம் ஒன்று வாங்கி வையுங்கள், நிறம் மாறும் அட்டையை நம்பாதீர்கள்.

7. பாகங்கள்

கார் கடையில் கிடைக்கும் ஆல்டர்னேட்டர் அச்சு அசலாக அதேபோல இருக்கும், விலை நாலில் ஒரு பங்கு. அதைப் போட்டால் விமானம் பறக்கும் தகுதியை இழக்கிறது, விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் அதைத்தான் முதலில் கேட்பார். எஃப்ஏஏ அனுமதி பெற்ற மாற்றுத் தயாரிப்புகள் உண்டு, செஸ்னா பெட்டியில் வருவதைவிட மலிவு. பழைய விமானங்களை உடைத்து விற்பவர்களிடம் கதவு, இருக்கை, பிளாஸ்டிக் எல்லாம் கிடைக்கும், வாங்கும்போது பாக எண்ணை உங்கள் விமானத்தின் பாகப் பட்டியலோடு ஒப்பிடுங்கள், பாகத்துக்கான சான்றுச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

8. பறக்காமல் நிறுத்தி வைக்காதீர்கள்

லைகாமிங்கில் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது, நிறுத்தினால் ஆயில் வடிந்து அது துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பறந்தால் நல்லது. தரையில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது கெடுதல், ஆயில் சரியாகச் சூடாகாமல் உள்ளே ஈரம் சேரும்.

9. எங்களுக்கு ஆன செலவு

போன வருடம், எரிபொருள் நீங்கலாக: கட்டிப்போடும் இடம் மாதம் 110 வீதம் 1,320, காப்பீடு 1,450, ஆனுவல் 1,900, அதில் வந்த ரிப்பேர்கள் 2,300, நாங்களே செய்த நாலு ஆயில் மாற்றம் 440. மொத்தம் 7,410 டாலர், இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. இது போக எஞ்சினை முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்கு மணிக்கு 18 டாலர் தனிக் கணக்கில் போடுகிறோம். லைகாமிங் சொல்வது 2,000 மணி அல்லது 12 வருடம், எங்களுக்குச் சொன்ன விலை 36,000. சேர்ந்து வாங்குகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கை இருவர் கையெழுத்தும் தேவைப்படும்படி தொடங்குங்கள், யார் எப்போது விலகினால் என்ன என்பதையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

ஆனுவலுக்கு நல்ல ஐஏ-க்களிடம் இடம் கிடைக்க எங்கள் பக்கத்தில் இரண்டு மாதம் ஆகிறது. ஜூனில் முடிகிறது என்றால் ஏப்ரல் முதல் வாரத்தில் கூப்பிடுங்கள், கூப்பிடும்போதே ஏடி பட்டியலையும் கடைசி ஆனுவலின் குறைப் பட்டியலையும் அனுப்பிவிடுங்கள்.